வடக்கிலிருந்து சிவத்துக்கு

அன்பின் சிவம்,

நாங்கள் நலம். உன் கடிதம் போன கிழமை கைக்கு வந்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து நீயே பேனை பிடித்து எழுதியதைப் பார்க்கப் பெரிய ஆறுதல். மருந்துத் துளி விடுவதை இடையில் நிறுத்திப்போடாதே. இவளுக்குக் கை மூட்டு வலி இந்த முறை குளிருக்கு முன்னமே தொடங்கிவிட்டது. எத்தனை வருடம் அந்தக் குளிர் மேசையில் மீன் வெட்டிய கை! 80-களின் கடைசியில் எங்களைப்போல நோர்வேயின் வடகோடியான இந்தப் பின்மார்க் கரைக்கு வந்து மீன் ஆலைகளில் வேலை செய்த எங்கட ஆட்களில் கனபேர் தெற்கே போய்விட்டார்கள். பிள்ளைகளும் ஒஸ்லோவுக்கே வரச்சொல்லிக் கேட்டபடி இருக்கிறார்கள். எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

"மரம் மட்டையில்லாத அந்த ஊரில் உனக்கு என்னடா பிடிப்பு?" என்று கேட்டிருக்கிறாய். தாவரவியல் படிப்பித்தவனுக்கு ஒரு செடியைக் காட்டியே பதில் சொல்கிறேன்.

நோர்வேக்காரர் அதை றைன்றூசெ என்கிறார்கள். உனக்கு டிரையஸ் ஒக்டோபெற்றாலா என்ற விஞ்ஞானப் பெயரைச் சொன்னால் விளங்கும். ரோசாக் குடும்பம்தான். ஆனால் உயரம் சில சென்ரிமீற்றர் மட்டுமே. தண்டு முழுக்க வைரம் பாய்ந்த கட்டை, அதனால் புல்பூண்டு என்று சொல்ல முடியாது, புதர்தான். சுண்ணாம்புப் பாறை இருக்கிற இடத்தில் நன்றாகப் படரும். இங்கே கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்த பொர்சாங்கர் குடாவின் ஓரம் ட்ரொல்ஹொல்ம்சுண்ட் என்றொரு இடம் இருக்கிறது. சுண்ணாம்பு வகையான வெள்ளை டொலமைற் பாறைகள் தூண் தூணாக நிற்கும். பொன்னைச் சுமந்து வந்த பூதங்கள் விடியுமுன் ஒளிக்க இடம் கிடைக்காமல் வெயில் பட்டுக் கல்லாகிவிட்டன என்பது அங்கத்தைய கதை. அந்தப் பக்கத்துத் தரையில்தான் இந்தச் செடி பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது.

குனிந்து ஓர் இலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும், மச்சான். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளம், தடித்த தோல், மேலே கரும்பச்சை. ஓரம் வளைவு வளைவாக வெட்டுப்பட்டுக் கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும். கீழே முழுக்க வெள்ளைப் பஞ்சு. இலைத்துளைகள் அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருப்பதால் காற்று ஈரத்தை எளிதில் உறிஞ்ச முடியாது. செத்த இலைகளும் கனகாலம் உதிராமல் தண்டைச் சுற்றியே கிடந்து காவல் செய்கின்றன. இந்தக் காவல் அதற்குக் கட்டாயம் வேணும். ஏனென்றால் அது பிடித்திருப்பது பனி தங்காத மேட்டுநிலம். பள்ளத்தில் இருக்கிற செடிகளுக்குப் பனியே போர்வை. மேட்டிலோ காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடும், மாரி முழுக்க வெறும் உடம்போடு கிடக்க வேண்டும். ஆனால் வசந்தத்தில் முதலில் வெயில் காண்பதும் அந்த மேடுதான். அடுத்த வருடத்துப் பூமொட்டை முதல் வருடமே கட்டி வைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது.

பூவைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. பெரும்பாலும் எட்டு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கேசரம், ஆழமில்லாத கிண்ணம். அந்தக் கிண்ணம் வெயிலை நடுவுக்குத் திருப்பிவிடுகிறது, பூவும் சூரியனோடு சேர்ந்து திரும்புகிறது. வெளிக்காற்றைவிடப் பூவுக்குள் சில பாகை சூடு கூட. குளிரில் பறக்க முடியாத ஈக்கள் வந்து உட்கார்ந்து வெயில் காய்ந்துவிட்டு மகரந்தத்தோடு போகும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் இதன் நெருங்கிய இனமொன்றில் இதை அளந்து பார்த்துப் பீற்றர் கெவன் என்பவர் 1975-ல் எழுதியிருக்கிறார். பூ முடிந்தபின் சூல்தண்டுகள் வெள்ளி மயிராக நீண்டு, முதலில் ஒன்றாக முறுக்கிக்கொண்டு நிற்கும். காய்ந்ததும் முறுக்கு அவிழ்ந்து விதை காற்றில் போகும். நேற்றுப் பார்த்தவை இன்னும் முறுக்கோடுதான் நிற்கின்றன.

வளர்ச்சியோ மிக மெதுவு. தண்டைக் குறுக்கே சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் ஆண்டு வளையம் தெரியும். நூறு வயது தாண்டிய செடிகளும் உண்டு.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். டென்மார்க்கில் அல்லறோட் என்ற இடத்துக் களிமண் குழியில், இதன் இலை கிடந்த இரண்டு குளிர்ந்த காலத்து அடுக்குகளுக்கு நடுவில் சூடான காலத்து அடுக்கொன்று இருந்ததை 1901-ல் எடுத்துக்காட்டினார்கள். சூடேறிவந்த பூமியின் வடபாதி ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன் திரும்பவும் குளிர்ந்து, 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை அப்படியே கிடந்தது. அந்தக் காலத்துக்கு 'இளைய டிரையஸ்' என்று இந்தச் செடியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு குளிரைத் தாண்டியதற்கு இப்ப ஆபத்து சூட்டால் வருகிறது, அதுவும் நேரடியாக இல்லை. தென் நோர்வேயின் பின்சே மலையில் இதைச் சுற்றி மேற்புறம் திறந்த கூடுகள் வைத்துச் சூடாக்கி, உரமும் போட்டுப் பார்த்தார்கள். புல்லும் மற்றப் பூண்டுகளும் உயர்ந்து வந்து இதன் இடத்தைப் பிடித்துவிட்டன. குளிரையும் காற்றையும் வெல்லத் தெரிந்த செடிக்கு நிழலை வெல்லத் தெரியாது. வெயில் இல்லாவிட்டால் அந்தக் கிண்ணத்தால் என்ன பயன்? இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது, சிவம். இங்கே நிற்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அவர்களுக்கு அது விளங்கவில்லை, உனக்கு விளங்கும்.

மகள் படங்களை உன் மருமகனின் போனுக்கு அனுப்புவாள். பெரிதாக்கி, இலையின் கீழ்ப்பக்கத்தைப் பார்.

ஒரு கேள்வி. பிள்ளைகளை இலங்கை மலைநாட்டு ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போவாயே, அங்கே காற்றில் குறுகி நிற்கும் ரோடோடென்ட்ரன் மரங்களில் ஆண்டு வளையம் விழுமா? பனிக்காலம் இல்லாத இடத்தில் அவற்றின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? தெரிந்தால் விபரமாக எழுது.

அன்புடன்,
ராசன்