சீனியே கொடுக்காத பூனைக்குச் சீனி வருத்தம்: கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை முறிகண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். கையில் மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு. "தம்பி, நான் ஒரு நாளும் இதுக்குச் சீனி போட்டுக் குடுக்கேல்லை. தேத்தண்ணி கூடக் காட்டேல்லை. பிறகெப்பிடிச் சீனி வருத்தம் வரும்?" என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கடையில் சனம் நெருக்கம். அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக ஆறுதலாக எழுதுகிறேன்.

அந்த அம்மா சொன்னது சரிதான். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, அதன் நாக்கில் அதற்கான உணர்ச்சி இல்லை. சீனி போத்தலுக்குள் இருந்து இந்த வருத்தம் வருவதில்லை. சோற்றிலிருந்தும் பாணிலிருந்தும், நாங்கள் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிற உருண்டைச் சாப்பாட்டிலிருந்தும்தான் அதன் உடம்புக்குள் சீனி போகிறது. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாப்பொருள். அது குடலுக்குள் போனதும் சீனிதான். மனிதரின் ஈரல் அந்தச் சீனியைச் சட்டென்று பிடித்துப் பதுக்கிவைக்கும். பூனையின் ஈரலுக்கு அந்த வேகம் இல்லை. தனக்கு வேண்டிய சீனியை இறைச்சியின் புரதத்திலிருந்தே இரவு பகலாக உண்டாக்கிக்கொள்கிற பிராணி அது. வயலில் எலி பிடித்துத் தின்கிற பூனையை நினைத்துப் பாருங்கள். எலியில் தண்ணீர், புரதம், கொழுப்பு. மாப்பொருள் என்று பார்த்தால் பெயருக்குத்தான்.

முன்பு எங்கள் பக்கத்துப் பூனைகள் நெல் மூட்டைக்குக் காவல் கிடந்தவை. எலி, ஓணான், வெட்டுக்கிளி என்று அவையே தேடித் தின்றன, ஓடித் திரிந்தன. இப்போது வீட்டுக்குள் கதிரையில் படுத்து, கிண்ணத்தில் எந்நேரமும் தீனி இருக்க, கொழுத்துப்போய்க் கிடக்கின்றன. கொழுத்த பூனை, ஏழெட்டு வயதைத் தாண்டிய பூனை, அதிலும் நலமடித்த கடுவன் என்றால் இந்த வருத்தம் வர வாய்ப்புக் கூட. கொழுப்பு ஏறின உடம்பில், இரத்தச் சீனியைக் குறைக்கிற இன்சுலின் சுரந்தாலும் சரியாக வேலை செய்யாது, சுரக்கிற கணையமும் நாளடைவில் களைத்துப்போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைப் பாருங்கள். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பிராணி. நாலு கிலோப் பூனை ஒரு நாளில் 200 மில்லிலீற்றரைத் தாண்டிக் குடிக்கிறதென்றால் அது சரியில்லை. அளந்து ஊற்றி, அடுத்த நாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். அதோடு சிறுநீர் அதிகம், சாப்பாட்டில் குறைவில்லாமலே மெலிவு, நக்கித் துடைக்காமல் மயிர் சிலிர்த்துக் கிடப்பது. இன்னொன்று, கண்டால் மறக்கமாட்டீர்கள்: பின்னங்கால் விரல்களில் ஊன்றாமல் குதிக்கால் முழுதும் நிலத்தில் பட, முயல் குந்தியிருக்கிற மாதிரி நடக்கும். சீனி நரம்பைத் தாக்கியதால் வருகிற நடை அது. சீனி கட்டுப்பட்டால் பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும்.

இவை எதைக் கண்டாலும் வைத்தியரிடம் போங்கள். சுகமான பூனைக்கு இரத்தச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 70 முதல் 150 மில்லிகிராம் வரை. 250ஐத் தாண்டிப் போகும்போதுதான் சிறுநீரில் சீனி இறங்கத் தொடங்கும். ஆனால் கூட்டில் அடைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன பயத்திலேயே பூனைக்குச் சீனி அந்தளவுக்கு ஏறிவிடும். ஆகவே ஒரு தடவை குத்திப் பார்த்ததை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வைத்தியர் சிறுநீரும் பார்ப்பார். முந்தைய ஓரிரு கிழமைச் சீனி நிலையைக் காட்டுகிற ஃபுருக்டோசமீன் என்ற சோதனைக்கும் எழுதுவார்.

இனிச் சாப்பாடு. சீனி வருத்தம் உள்ள பூனையின் சாப்பாட்டில், மாப்பொருளிலிருந்து வருகிற கலோரி நூற்றுக்குப் பன்னிரண்டுக்குள் இருக்கவேண்டும், நாற்பதுக்கு மேல் புரதத்திலிருந்து வரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. பைக்கற்றில் மாப்பொருளின் அளவைப் பெரும்பாலும் அச்சடிக்கமாட்டார்கள். நீங்களே கழித்துப் பார்க்கலாம். என் மேசையில் இருக்கிற உருண்டைத் தீனியில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10 என்று போட்டிருக்கிறது. சாம்பல், அதாவது தாதுப்பொருள், போடவில்லை, 8 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 62. நூறில் மிச்சம் 38, அதுதான் மாப்பொருள். கிராமுக்குப் புரதமும் மாப்பொருளும் 3.5 கலோரி, கொழுப்பு 8.5 கலோரி என்று பெருக்கினால் மொத்தம் 323. அதில் 133 மாப்பொருளுடையது. நூற்றுக்கு 41! அதே மேசையில் இருக்கிற பேணிச் சாப்பாட்டில் புரதம் 11, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2. மிச்சம் ஒன்றுதான். கலோரிக் கணக்கில் நூற்றுக்கு நாலு. பேணியிலும் குழம்பு மாதிரிக் கட்டியான சாறோடு வருவதில் மா சேர்த்திருப்பார்கள். களி மாதிரி அரைத்து வருவதே நல்லது.

ஆகவே உங்கள் பூனைக்குச் சீனி வருத்தம் என்று வைத்தியர் சொல்லியிருந்தால், எங்கள் கடையில் சாக்கில் இருக்கிற அந்த உருண்டையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எங்களுக்கு அதிகம் விலைப்படுகிற சாமான் அதுதான். என்றாலும் கேட்டால் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பும்படி கடைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

பேணி விலை எல்லோருக்கும் கட்டாது, அது எனக்குத் தெரியும். பேணி பாதி, உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி பாதி என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் வேண்டிய டோரீன் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து கிடக்கும். வெங்காயம், உள்ளி பூனைக்கு நஞ்சு, ஆகவே கறிச்சட்டி வழிப்பது வேண்டாம். கருவாடும் வேண்டாம். பச்சைச் சூடை மீனை நாளாந்தம் போட்டால் தயமின் என்ற விற்றமின் அழிந்துபோகும், அவித்துக் கொடுங்கள். வெறும் இறைச்சியில் கல்சியம் போதாது. முழுக்க வீட்டுச் சமையல் என்றால் சேர்க்கவேண்டிய தூளை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரக வருத்தமும் சேர்ந்திருக்கிற கிழப் பூனைக்குக் கணக்கு வேறு, அதை அவர்தான் சொல்லவேண்டும். பாகற்காய்ச் சாறு, வீட்டில் பெரியவர்கள் போடுகிற சீனிக் குளிசை, இரண்டும் கிட்டவும் வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். இன்சுலின் போடுகிற பூனைக்கு வைத்தியருக்குச் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள். நான் மாற்றினேன்.

கடையில் ஒரு கடுவன் நின்றான், மணியன். ஏழு கிலோ. சாக்கு வாய் திறந்திருந்தால் தலையை உள்ளே விட்டபடியே நிற்பான். சீனி வருத்தம் என்று கண்டு, காலையும் மாலையும் இன்சுலின் தொடங்கினோம். மாப்பொருள் கூடாது என்று அறிந்த அன்றே, நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் உருண்டையை ஒரேயடியாக நிறுத்திப் பேணிக்கு மாற்றினேன். ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டில் சீனி குறைந்தும் ஊசி குறையாததால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம் தவிட்டுச் சாக்குகளுக்கு நடுவில் தள்ளாடிக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வாயால் வீணி வடிந்தது, பிறகு உடம்பு உதறத் தொடங்கியது. மனைவி காட்டுத்தேன் போத்தலை எடுத்து ஓடிவந்து, விரலால் தொட்டுத் தொட்டு முரசில் பூசினாள். வாய்க்குள் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். கடிபடாமல் கன்னத்தின் உட்பக்கமாகவே பூசினாள். பத்து நிமிடம் போலத் தலையைத் தூக்கினான். அந்தப் பத்து நிமிடத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்படியே வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அவர் ஊசியைப் பாதியாகக் குறைத்தார். நாலு மாதத்தில் ஊசியே தேவைப்படாமல் போயிற்று. எல்லாப் பூனைக்கும் அப்படி ஆகாது. ஆனால் வருத்தத்தை வெள்ளென ஆரம்பத்திலேயே கண்டு, சாப்பாடும் ஊசியும் சரியாக நடந்தால், ஊசியில்லாமல் இருக்கிற நிலை பூனைக்கு வரலாம்.

ஆகவே ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், வைத்தியர் சீனியைப் பார்த்து ஊசியைச் சரிசெய்துகொண்டு வர. ஊசி போடுமுன் பூனை சாப்பிட்டதா என்று பாருங்கள். சாப்பிடாவிட்டால் வைத்தியரைக் கேட்காமல் போடவேண்டாம். மெலியட்டும் என்று பட்டினி போடவே கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்துச் சாகவும் கூடும். கிழமைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு நிறை குறைந்தால் போதும்.

சிறிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்சுலினில், ஒரு மில்லிலீற்றருக்கு நாற்பது யூனிற் உள்ள வகை, நூறு யூனிற் உள்ள வகை என்று இரண்டு உண்டு, சிறிஞ்சும் அப்படியே. நூறு வகை மருந்தை நாற்பது வகைச் சிறிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிற். வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து 2 முதல் 8 பாகை குளிரில் இருக்கவேண்டும், ஐஸ் தட்டில் உறையக்கூடாது. எங்கள் சித்திரை வெயிலில் கரண்ட் நெடுநேரம் நின்றால் எங்கே வைப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள். குளிரூட்டி இல்லாதவர்களின் போத்தலைக் கடைக் குளிரூட்டியில் பெயர் ஒட்டி வைத்துத் தருகிறோம். இப்போது மூன்று வீட்டுப் போத்தல்கள் இருக்கின்றன.

நீங்கள் கொடுக்கிற சாப்பாட்டின் பைக்கற்றையோ பேணியையோ கொண்டுவந்தால், மேலே சொன்ன கணக்கைச் சேர்ந்திருந்து போட்டுப் பார்க்கலாம். பூனையின் நிறையும் பார்க்கலாம். காலையில் கடை திறந்து முதல் அரைமணித்தியாலம் சனம் குறைவு, நாயும் வராது. துவாயில் சுற்றிக்கொண்டு வாருங்கள், துவாயை வேறாக நிறுத்துக் கழித்து எழுதித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை. முறிகண்டி அம்மா இதை வாசித்தால் அவருடைய பூனையையும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தீனிக்கடை,
கிளிநொச்சி.