இருபத்தைந்து அடி டேப்

அன்புள்ள ராசு,

திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு இரண்டு மாதம் ஆகிறது. நான் வரவும் இல்லை, போன் பண்ணவும் இல்லை. பண்ணக்கூடாது என்றில்லை. முதல் வாரம் விட்டுப்போனது, அப்புறம் "இத்தனை நாள் எங்கேடா போனே" என்று நீ கேட்பாயே என்ற பயத்திலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டேன். இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாளா? டாக்டர் சொல்லும் பயிற்சியைச் செய்யாமல் அடுப்படிக்குப் போய் நிற்பாள், அதுதான் அவள். நீயாவது ஒரு காப்பி போட்டுப் பழகு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரை அது பாட்டுக்கு இருக்கிறது. 'புள்ளிவிவரம்' என்று நாம் பட்டப்பேர் வைத்தோமே, அவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பிறந்த எடையை மூன்று தசமத்துக்குச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வேளாண் கல்லூரியில் வானொலி தினத்துக்கு, அதுதான் பிப்ரவரி 13, ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி பண்ணிய ஆள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஆரம்பகால விவசாய ஒலிபரப்பாளர்கள்" என்று தலைப்பு. அரை மணி நேரம். பொன்னாடை உண்டாம். "உலகத்திலேயே முதல் விவசாய ஒலிபரப்பாளர் யார் சார்" என்று ஒரு பையன் போனிலேயே கேட்டான். அமெரிக்காவில் பிராங்க் மல்லன் என்று ஒருவர், விவசாயப் பத்திரிகைக்காரர், 1923லேயே பிட்ஸ்பர்க் நிலையத்தில் பேச ஆரம்பித்தார் என்றேன். குறித்துக்கொண்டு வைத்துவிட்டான். அவனுக்குத் தேவை 'முதல்' என்பதுதான். எனக்கு அதில் ருசி இல்லை. நான் தேடிப் போய் மாட்டிக்கொண்டது வேறு ஒரு ஆளிடம். பத்து நாளாக அவரோடுதான் குடித்தனம்.

ஜார்ஜ் அட்கின்ஸ். கனடாக்காரர், 1917ல் பிறந்தவர். மைக் முன்னால் வருவதற்கு முன் நிஜமாகவே பண்ணை வைத்து நடத்தியவர். நம்மைப் போல பரீட்சை எழுதி வந்த ஆள் இல்லை. 1955 வாக்கில் கனடா வானொலியில் சேர்ந்து 25 வருடம் விவசாய நிகழ்ச்சி பண்ணியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "அடிப்படைத் தொழிலான வேளாண்மையின் சேவையில், இது ஜார்ஜ் அட்கின்ஸ்" என்கிற மாதிரி சொல்லித்தான் முடிப்பாராம். நம் நிலையத்துப் பெரியவர் "வணக்கம், வெள்ளாமை செழிக்க" என்று முடிப்பாரே, அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்த மண்ணும் லேசுப்பட்டதில்லை. கனடாவில் 1941லிருந்து பண்ணை வானொலி மன்றம் என்று ஒன்று நடந்தது. குளிர்காலத்தில் திங்கட்கிழமை ராத்திரி அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ஒரு வீட்டில் கூடி ரேடியோ கேட்பார்கள், கேட்டு முடித்ததும் சண்டை போடுவார்கள், தீர்மானத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். 'படி, கேள், விவாதி, செயல்படு' என்பது அவர்கள் மந்திரம். அதைப் பார்த்துத்தான் யுனெஸ்கோ உதவியோடு 1956ல் புனேயைச் சுற்றி ஏறத்தாழ 150 கிராமங்களில் மராத்தியில் செய்து பார்த்தார்கள். அப்புறம்தான் நாடு முழுக்க மன்றம். பஞ்சாயத்து ஆபீஸில் பூட்டி வைத்திருந்த அந்தப் பெரிய ரேடியோப் பெட்டி, சாவி எப்போதும் வெளியூர் போயிருக்குமே, அதன் பூர்வீகம் கனடாவில் ஏதோ ஒரு சமையல்கட்டு என்று நினைத்துப் பார்.

இனிமேல்தான் கதை. 1975ல் ஜாம்பியாவில் விவசாய ஒலிபரப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி. சொல்லிக்கொடுக்க அட்கின்ஸ் போயிருக்கிறார். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்க ஒலிபரப்பாளரிடம் "கடைசியாக என்ன நிகழ்ச்சி பண்ணினீர்கள்" என்று சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். டிராக்டர் ஸ்பார்க் பிளக்கை எப்படிப் பராமரிப்பது என்று பண்ணினேன் என்றாராம் அவர். உங்கள் நேயர்களில் எத்தனை பேரிடம் டிராக்டர் இருக்கிறது என்று இவர் கேட்க, விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற மாதிரி பதில். பிறகு ஏன் அதைப் பண்ணினீர்கள்? கையில் கிடைத்த விஷயம் அதுதான். வெளிநாட்டுக் காகிதம் எது வந்ததோ அதை வாசித்தோம்.

ராசு, இதைப் படித்தபோது ராத்திரி பதினொன்று. உன்னை எழுப்பிவிடலாமா என்று போனை எடுத்தேன். நாம் வாசிக்காத காகிதமா? ஊரில் டீசல் எஞ்சின் தவிர வேறு இல்லாத காலத்தில் நம்மிடமும் ஒருமுறை பிளக் பற்றிய தாள் வந்தது, "டீசலுக்குப் பிளக்கே கிடையாதுடா, எதைத் துடைக்கச் சொல்லப்போறே" என்று நீதான் மேஜை மேல் ஏறாத குறையாகக் கத்தினாய்.

அட்கின்ஸ் அதைச் சிரித்துவிட்டு விடவில்லை. 1979ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு வலைப்பின்னல் தொடங்கினார். கைக்காசு அதிகம் இல்லாத குடியானவனும் செய்யக்கூடிய, ஏதாவது ஒரு ஊரில் ஒருவர் செய்து பார்த்துப் பலன் கண்ட யோசனைகள் மட்டும். அதை எளிய வார்த்தையில் எழுதி, கேசட்டிலும் பதிந்து, ஏழை நாட்டு நிலையங்களுக்கு அனுப்புவது. அவர்கள் தங்கள் பாஷையில், தங்கள் ஊர்ப் பயிருக்கு ஏற்ப மாற்றிப் பேசிக்கொள்ள வேண்டியது. முதல் கட்டு 26 நாடுகளில் 34 பேருக்குப் போனது. இன்றைக்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான நிலையங்களோடு அது வேலை செய்கிறது. மனிதர் 2009 வரை இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மாஸ்ஸி பெர்குசன். டிராக்டர் கம்பெனி! டிராக்டர் இல்லாதவனுக்குப் பேச டிராக்டர்காரன் காசு. கல்லூரியில் இதைச் சொல்லி ஒரு கைதட்டல் வாங்கிவிடுவேன்.

நம் பக்கத்துப் பெருமையையும் சொல்லத்தான் போகிறேன். ஆடுதுறை 27. அறுபதுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்கு வந்த, நூற்றைந்து நாள் நெல். திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்கே ரேடியோ பேர் வைத்த ஊர் வேறு எது? என் மாமனார் விதைக்கடையில் போய் "ரேடியோ இருக்கா" என்றுதான் கேட்பாராம்.

ஆனால் பேச்சை எழுத உட்கார்ந்தால் ஒரு இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அது உனக்குத் தெரிந்த கதைதான்.

1987 குறுவை. விதை நேர்த்தி நிகழ்ச்சிக்கு நாம் போன அந்த ஊர், ஆற்றுக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கம். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது நாலணா அகலத்துக்கு மேலே தெரிகிற வரை உப்பைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டிப் பதரை நீக்குவது. வீட்டுக்காரர் மைக்கில் கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். முட்டையை யார் போட்டது? உப்பை யார் கரைத்தது? பேட்டி முடிகிற நேரத்தில் அந்த அம்மா, கை முழங்கை வரை உப்புத் தண்ணீரோடு, நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"வெதைய பொடைக்கிறது நானு, ஊற வைக்கிறது நானு, நாத்துப் பறிக்கிறதும் நானு. நீங்க பொழுது சாயப் பேசுறீங்க. அப்ப நான் மாட்டடியில கெடப்பேன், இவரு டீக்கடையில கெடப்பாரு. உழவர் பெருமக்களேங்கிறீங்களே, அது யாருங்க தம்பி?"

நீ சிரித்தாய். வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

நிலையத்துக்கு வந்து அதை வெட்டினேன். மஞ்சள் பென்சிலால் இரண்டு கோடு, பிளேடால் இரண்டு வெட்டு. நாற்பது நொடி. நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிற டேப்பில் சரியாக இருபத்தைந்து அடி. ஏழரை என்றால் சும்மாவா! "இருக்கட்டும்டா, இதுதான்டா நிகழ்ச்சி" என்று நீ சொன்னாய். நேரம் போதாது, மேலே கேட்பார்கள், டீக்கடை என்றெல்லாம் வந்தால் ஊரில் சண்டை வரும் என்று நான் மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் அப்போது நிஜமாகத்தான் தோன்றின. அப்புறம் இருபது வருடம் அதே பொழுது சாயும் நேரத்தில் அதே உழவர் பெருமக்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறும் அன்றைக்குக்கூட.

அட்கின்ஸுக்கு பஸ்ஸில் ஒரு பதில் கிடைத்தது. மனிதர் வேலையையே மாற்றிக்கொண்டார். எனக்கு அதைவிட நல்ல கேள்வி, நம் பாஷையில், நம் மைக்கில் பதிவாகி, கையில் கிடைத்தது. பிளேடைத் தேடினேன். ராத்திரியில் தூக்கம் கெடுகிறது என்றால் சர்க்கரை என்று மருமகள் நினைக்கிறாள்.

இதைக் கல்லூரியில் சொல்லலாமா வேண்டாமா என்று நீ சொல். பொன்னாடை போர்த்துகிற இடத்தில் இது எடுபடுமா என்று ஒரு மனம். கேட்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று இன்னொரு மனம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அன்றைக்குத் தரையில் கிடந்த அந்தத் துண்டை நீ சுருட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாய். உன் புடலைப் பந்தலில் காக்கா விரட்டக் கட்டப்போவதாகச் சொன்னாய். நிஜமாகவே கட்டினாயா? இல்லை, உன் வழக்கப்படி பரணில் எதிலாவது போட்டு வைத்திருக்கிறாயா? தேடிப் பார். கிடைத்தால், ஓடுகிற பழைய மிஷின் ஒன்று ரிப்பேர்க் கடைக்காரரிடம் இருக்கிறது, அவரிடம் பேசி வைத்துவிட்டேன். கிடைக்காவிட்டாலும் அந்த ஊர்ப் பேர் மட்டும் எழுது. எனக்குப் பிள்ளையார்தான் ஞாபகம் இருக்கிறார், ஊர் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். தங்கச்சியை எழுந்து வரவேண்டாம் என்று சொல். காப்பி நீ போடு.

உன்,
கண்ணன்