ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் பத்து நிமிஷம் வந்து பேசணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வர்ற அக்டோபர் 16 உலக மயக்கவியல் தினம். 1846-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரில மார்ட்டன்னு ஒரு பல் டாக்டர் ஈதர் கொடுத்து, நோயாளிக்கு வலி தெரியாம ஆபரேஷன் பண்ணலாம்னு எல்லார் முன்னாடியும் காட்டின நாளாம். அந்த நாள்ல டாக்டர்கள பத்தி நிறைய எழுதுவாங்க, எழுதணும். ஆனா டேபிள்ல படுக்குற ஆளு பக்கத்துலேர்ந்தும் யாராச்சும் சொல்லணும்னு தான் இந்த லெட்டர்.

நான் திண்டுக்கல்காரன், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். மூணு வருஷத்துக்கு முன்னாடி பைபாஸ் பண்ணாங்க, ஒரு தனியார் ஆஸ்பத்திரில. ஆபரேஷன் நல்லபடியா பண்ணி உயிர காப்பாத்துனாங்க, அதுல எந்தக் குறையும் இல்ல. ஆனா அதுக்கு முந்தின ராத்திரி நான் பட்ட பயத்தையும், கண்ணு முழிச்ச பிறகு பட்ட பயத்தையும் இன்னிக்கு நினைச்சாலும் கை நடுங்குது, அதுல பாதிக்கு மேல யாராச்சும் முன்னாடியே நாலு வார்த்தை சொல்லிருந்தா வந்தே இருக்காது.

எனக்கு நெஞ்ச அறுக்குறது கூட பெருசா தெரியல, மயக்க ஊசி தான் பயம். ஊர்ல சொல்றது அப்படி. ஊசி போட்டா சில பேர் திரும்பி எந்திரிக்க மாட்டாங்க, ஞாபகம் போயிரும், பாதில மயக்கம் தெளிஞ்சு அறுக்குறது தெரியும், ஆனா கத்த முடியாது, இப்படி ஆளாளுக்கு ஒண்ணு. இதையெல்லாம் யாருகிட்ட கேக்குறது? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஒரு டாக்டர் வந்தாரு. வாயத் திறங்க, பல்லு ஏதும் ஆடுதா, கழுத்த பின்னால சாய்ங்க, அலர்ஜி உண்டா, பீடி சிகரெட் உண்டான்னு கேட்டாரு, எழுதிட்டு போயிட்டாரு. ரெண்டு நிமிஷம் இருக்கும். அவரு தான் மயக்க டாக்டர்னு கூட எனக்குத் தெரியாது, தொண்டைக்குள்ள குழாய் விடுறதுக்கு வழி எப்படி இருக்குன்னு தான் வாயப் பாத்தாருன்னு பின்னாடி தான் தெரிஞ்சுச்சு. பீடி உண்டான்னு கேட்டப்ப என் சம்சாரமும் மகளும் கட்டில் பக்கத்துலயே நின்னாங்க. விட்டு ரொம்ப வருஷமாச்சுன்னு சொல்லிட்டேன். அட்மிஷன் போட்ட அன்னிக்கு காலைல கூட ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைல ரெண்டு பீடி குடிச்சிருந்தேன். அது என் தப்பு தான், மறைக்கல. ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சு சளி கட்டி மூச்சு விட முடியாம நாள் கூடிப்போச்சு, மூணு உருண்டை இருக்குற டப்பாவ வாயில வச்சு உறிஞ்சி உறிஞ்சி இழுக்கச் சொன்னாங்க, ஒவ்வொரு தடவையும் தைச்ச நெஞ்சு பிளக்குற மாதிரி இருக்கும். ஆனா டாக்டர் சொந்தபந்தத்த ஒரு நிமிஷம் வெளிய நில்லுங்கன்னு சொல்லிட்டு, ஐயா உண்மைய சொல்லுங்க, மயக்கம் கொடுக்குறப்ப உங்க நுரையீரலுக்குத் தான் ஆபத்துன்னு சொல்லிருந்தா நான் பொய் சொல்லிருக்க மாட்டேன்.

அப்புறம் கையெழுத்து. நாலஞ்சு பக்கம், முழுக்க இங்கிலீஷ். நர்ஸ் பொண்ணு இங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு விரல வச்சு காட்டுச்சு, போட்டேன். 2008-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல இத பத்தி தெளிவாவே சொல்லிருக்கு. மயக்கம் கொடுத்து உள்ள பாக்குறதுக்கு மட்டும் சம்மதிச்ச ஒரு பொண்ணுக்கு, அவங்க மயக்கத்துல இருக்கும்போதே வெளிய இருந்த அம்மாகிட்ட கேட்டு கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. அது செல்லாது, அவசரம் இல்லாதப்போ நோயாளியோட சொந்த சம்மதம் தான் வேணும், என்ன செய்யப் போறோம், என்ன ஆபத்து, வேற வழி இருக்கான்னு போதுமான அளவு சொல்லிட்டு தான் அத வாங்கணும்னு தீர்ப்பு. புரியாத மொழில ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாங்குற கையெழுத்து எந்தக் கணக்குல சேரும்?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எனக்கு நினைவு வந்தப்ப கண்ணு திறக்க முடியல, தொண்டைக்குள்ள குழாய், வாயே அசையல, குரல் வரல. ரெண்டு கையும் கட்டியிருந்துச்சு. நம்ம ஊர்ல கை கட்டைவிரல சேர்த்துக் கட்டுறது எப்பன்னு எல்லாருக்கும் தெரியும். நான் செத்துட்டேன்னு தான் நினைச்சேன், சத்தியமா. பேச்சு சத்தம் கேக்குது, யாரோ சிரிக்கிறாங்க, எதோ பீப் பீப்னு அடிக்குது, ஐயோ என்னைய தூக்கப் போறாங்களே, உயிர் இருக்குன்னு எப்படி சொல்றதுன்னு தவிச்சேன் பாருங்க, அந்த தவிப்பு எதிரிக்கும் வரக்கூடாது. ஹார்ட் ஆபரேஷன் பண்ணா பல பேருக்கு சில மணி நேரம் மெஷின்ல தான் மூச்சு ஓடும், அரைகுறை நினைவுல குழாய பிடுங்கிடக் கூடாதுன்னு கைய லேசா கட்டி வைப்பாங்க, இது வழக்கமான ஒண்ணு தான்னு டிஸ்சார்ஜ் ஆகுறப்ப தான் ஒரு நர்ஸ் சொன்னாங்க. இத முதல் நாளே சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த ராத்திரி ஐசியூல நான் எந்திரிச்சு உக்காந்து கொடைரோடு யாராச்சும் இருக்கா, டிக்கெட் டிக்கெட்னு கத்துனேனாம், பாக்க வந்த மகளையே யாருன்னு கேட்டுருக்கேன். புள்ள வெளிய போய் அப்பாவுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சுவத்துல முட்டி அழுதுருக்கா. வயசானவங்களுக்கு பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி குழம்புறது உண்டு, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிரும்னு அவகிட்டயும் யாரும் சொல்லி வைக்கல. மூணாம் நாள் எனக்கு எல்லாம் தெளிஞ்சிருச்சு. அவ அழுத அழுகைக்கு யாரு பதில் சொல்றது.

போன வருஷம் என் சம்சாரத்துக்கு பித்தப்பைல கல்லு, அரசு ஆஸ்பத்திரில காப்பீட்டு அட்டைல ஆபரேஷன். அங்க மயக்க டாக்டர் ஒரு சின்ன வயசு பொண்ணு. முதல் நாள் மத்தியானமே வந்து ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, எங்கள வெளிய நிக்கச் சொல்லிட்டு பேசுச்சு. வெத்தலையோட பொகையிலை போடுறத எனக்கே தெரியாம இருந்தவ அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டா, நாட்டு மருந்து சாப்பிடுறதையும் சொல்லிட்டா. ஏன் வெறும் வயிறுன்னு சொல்லிருக்கு: மயக்கத்துல வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து, அதனால சோறு நிறுத்தி குறைஞ்சது ஆறு மணி நேரமாவது ஆகணும், பால் சேர்த்த டீயும் கூடாது, வெறும் தண்ணி மட்டும் ரெண்டு மணி நேரம் முன்ன வரைக்கும் சரி. எனக்கு சொன்ன மாதிரி ராத்திரிலேர்ந்து எதுவும் தொடாதீங்கன்னு மொட்டையா சொல்லல. பக்கத்து பெட் அம்மாவுக்கு காலைல மருமக பாசத்துல டீ வாங்கிக் கொடுத்து ஆபரேஷனே தள்ளிப்போச்சு, காரணம் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ள கொடுத்துருக்குமா?

பாதில முழிச்சுக்குவேனான்னும் என் சம்சாரம் கேட்டுருக்கா. அது ரொம்ப அபூர்வம்மா, ஆனா நடக்கவே நடக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன், நான் ஊசிய போட்டுட்டு போயிர மாட்டேன், ஆபரேஷன் முடிஞ்சு நீங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டுலயே தான் நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்னு சொல்லிருக்கு. (பிரிட்டன்ல 2014-ல வந்த பெரிய ஆய்வுல சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு, ஹார்ட் ஆபரேஷன்ல அதவிட கூட, முழு மயக்கம் கொடுத்து பண்ற சிசேரியன்ல ரொம்பவே கூடன்னு என் மக படிச்சு சொன்னா.) மயக்க டாக்டர் கடைசி வரைக்கும் கூடவே இருப்பாங்கங்குறதே எனக்கு அன்னிக்குத் தான் தெரியும். முப்பது வருஷமா கழட்டாத மூக்குத்திய தேங்காண்ணெய் விட்டு கழட்டி என் கைல கொடுத்துட்டு என் சம்சாரம் உள்ள போனா, முகத்துல பயமே இல்ல. முழிச்சதும் தொண்டை கரகரன்னு இருக்கும், குளுரு எடுக்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கலாம்னு சொல்லி வச்சிருந்ததால அதெல்லாம் வந்தப்பவும் அந்தப் பொண்ணு சொன்னது தான்னு பேசாம படுத்திருந்தா.

டாக்டர்களுக்கு வேலை எவ்வளவு இருக்குன்னு தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை கேஸ்னு நானே பாத்தேன். ஆனாலும் ஆபரேஷன் தேதி குறிச்சு வச்சிருக்குற கேஸ்ல முந்தின நாளே மயக்க டாக்டர் வந்து தமிழ்ல பேசணும், படிவம் தமிழ்ல இருக்கணும், அரசாங்கமாச்சும் தனியாராச்சும் சுகாதாரத்துறை இத கண்டிப்பா பண்ண வைக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்குறேன். நாளைக்கு ஆபரேஷன்னு யாராச்சும் ஆஸ்பத்திரி பெட்ல இத படிச்சுட்டு இருந்தா, எனக்கு மயக்கம் கொடுக்கப்போற டாக்டர் யாருன்னு இப்பவே நர்ஸ்கிட்ட கேளுங்க. அவங்க வந்ததும் வீட்டாள்கள வெளிய அனுப்பிட்டு பீடி, சரக்கு, மாத்திரை, ஆடுற பல்லு எல்லாத்தையும் சொல்லிருங்க, கண்ணு முழிக்கிறப்ப வாயில குழாய் இருக்குமா, கைய கட்டியிருப்பீங்களான்னும் கேட்டு வச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
திண்டுக்கல்