எங்கள் மகளைக் கரைசேர்த்தவர்களுக்கு

சொந்தபந்தங்களுக்கும், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

மாசம் நிறையும் முன்பே பிறந்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறக்கும்போது 1 கிலோ 180 கிராம். இப்போது 2 கிலோவைத் தொடப்போகிறாள். நடுவில் பலருடைய போனை நான் எடுக்கவே இல்லை. "பிள்ளை எப்படி இருக்கு?" என்ற கேள்விக்குக் காலையில் ஒரு பதில், சாயங்காலம் ஒரு பதில் என்று இருந்த நாட்கள் அவை. அதனால்தான் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் கிராம சுகாதார செவிலியர். கால் வீக்கமும் தலைவலியும் மாசமான எல்லோருக்கும் வருவதுதான் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, பிரஷர் பார்த்த கையோடு 108-க்கு போன் போட்டவர் அவர். அப்போது எனக்கு 30 வாரம். மதுரையில் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி போட்டார்கள். எனக்கான மருந்து என்று நினைத்தேன். வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காம். அவர் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த ஊசிகளுக்கு நேரம் கிடைத்திருக்காது.

(ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம்தாம்மா" என்று சிரித்தார்.)

உள்ளே இருந்த நர்ஸ் அக்காக்களின் பெயர் பாதிப் பேருக்கு மேல் எனக்குத் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகள் மூச்சு விட மறந்துவிடுவார்களாம். மானிட்டர் கத்தும். ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டிவிடுவார்கள், திரும்ப மூச்சு வரும். அதற்குக் கொடுத்த மருந்து, காபியில் இருக்கிற அதே கஃபீன். பிறந்த வாரத்திலேயே காபிக்குப் பழகிவிட்டாள் என்று அவள் அப்பா இப்போது கிண்டல் செய்கிறார். அன்றைக்கு யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி முழங்கை வரை சோப்புப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று நின்ற ஆயாம்மாவுக்கும் நன்றி. டாக்டர் வந்தாலும் அவருக்கு அதே சட்டம்தான்.

இனி நான் பார்த்தே இராத சிலருக்கு. எனக்கு முதல் சில நாள் பால் சொட்டுக்கூட வரவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டதோ வேளைக்கு 2 மில்லி, குழாய் வழியாக. தாய்ப்பால் வங்கியில் இருந்து கொடுத்தார்கள். கொடுக்கிற தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்து எடுத்து வைக்கிறார்கள். யாருடைய பால் என்று சொல்ல மாட்டார்கள். யார் வீட்டில் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்று இன்னமும் கணக்குப் பார்க்கிற ஊர்களில் இருந்து வந்தவர்கள்தான் அந்த வார்டில் பாதிப் பேர். அந்தப் பிரீசருக்குள் அந்தக் கணக்கு எடுபடவில்லை. யாரோ ஒரு தாய், தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும், என் மகளின் முதல் உணவு உங்களுடையது. எனக்கு நன்றாக ஊறத் தொடங்கியதும் நானும் கொடுத்தேன். அதற்குக் காரணம் நாத்தனார் தினமும் ஆரப்பாளையம் பஸ்ஸில் கொண்டு வந்த பூண்டுக் குழம்புதான் என்பது அவருடைய வாதம். சரி, அப்படியே இருக்கட்டும்.

அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றபோது வீட்டுக்காரரின் நண்பர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு பெரிய ஊசிக்குழாய் அளவுதான். ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டே போனார்கள். உசிலம்பட்டி என்றதும் 1980களில் வந்த பெண் சிசுக்கொலைச் செய்திகளை வைத்து எங்களை எடைபோடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தைக்காகக் கையை நீட்டிப் படுத்திருந்த அந்தப் பையன்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்ளும். சேனை வைக்கச் சீனித்தண்ணியோடு வந்தது. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் பேசாமல் டம்ளரை மூடிவிட்டது. அப்புறம் குழாயை எடுத்துவிட்டு, பாலாடை என்கிற சங்கு மாதிரிச் சின்னக் கிண்ணத்தில் புகட்டச் சொன்னார்கள். எனக்குக் கை நடுங்கி, பால் கழுத்தில் வழிந்தது. ஊரில் பத்துப் பிள்ளைக்குச் சங்கில் புகட்டிய கை அப்பத்தாவுடையது. கடைவாய் ஓரமாகச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக அது புகட்டியதைப் பார்த்த நர்ஸ், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அப்பத்தாதான் அந்த வார்டுக்கு டீச்சர்.

கங்காரு முறையையும் அங்கேதான் கற்றோம். 1978-இல் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். சட்டையைக் கழற்றி, குழந்தையை வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. வீட்டுக்காரர் முதலில் கூச்சப்பட்டார், பிறகு என் முறையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்.

பார்க்க வராமல் இருந்தவர்களுக்குத் தனி நன்றி. கிளம்பி வரத் துடித்த பெரியப்பா, சித்தி எல்லோரும் கிருமி தொற்றும் என்றதும் வீட்டோடு இருந்துவிட்டீர்கள். வருத்தம் இருந்திருக்கும் என்று தெரியும்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருங்கள். விழித்திரைப் பரிசோதனை இன்னும் முடியவில்லை, மதுரைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். சளி, இருமல் உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம். காதுகுத்துக்கு நாள் பார்த்ததும் பத்திரிகை வரும். தாய்மாமன் இப்போதே சீர் லிஸ்ட் போட ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு எல்லோரும் வாங்க. கையைக் கழுவிட்டு யார் வேண்டுமானாலும் தூக்கலாம்.

அன்புடன்,
அவளுடைய அம்மா