மாஞ்சா இல்லாமலும் காத்தாடி ஏறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு முழு ஆண்டு விடுமுறை விட்டதும் சென்னையில் காத்தாடி பற்றி வரும் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: மாஞ்சா நூல் பறிமுதல், பைக்கில் போனவருக்குக் கழுத்தில் வெட்டு, காவல்துறை எச்சரிக்கை. அவை வர வேண்டிய செய்திகளே. கண்ணாடித் தூளைப் பசையில் குழைத்து நூலில் பூசுகிறவர் மேலும், அதை விற்கிறவர் மேலும் எவ்வளவு கடுமை காட்டினாலும் தகும். ஆனால் மாஞ்சா இல்லாமல் காத்தாடியை எப்படிக் கட்டுவது, எங்கே நின்று, எந்த நேரத்தில் விடுவது என்று யாரும் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. கட்டத் தெரியாத பிள்ளை கடைக்குப் போகிறான். அங்கே காத்தாடியோடு மாஞ்சாவையும் மறைவாக நீட்ட ஆள் இருக்கிறார்கள். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் சனிக்கிழமை கட்டி ஞாயிற்றுக்கிழமை விடலாம். அதற்கு வேண்டிய விவரத்தை இங்கே தருகிறோம்.

முதலில் சட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் உள்ளிட்ட செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. சென்னைக் காவல்துறையும் மாஞ்சாவுக்கு அவ்வப்போது தனியாகத் தடையாணை பிறப்பிக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே இறங்க வேண்டும். நைலானில் கண்ணாடி பூசாவிட்டாலும் ஆபத்துதான்: அது எளிதில் அறாது, மட்காது, மரத்தில் சிக்கினால் ஆண்டுக்கணக்கில் கிடந்து காக்கை, பருந்து, ஆந்தை என்று இறக்கையை மாட்டிக்கொள்ளும். வெறும் பருத்தி நூல் மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகும். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சாலைக்குக் குறுக்கே இழுபட்டு நிற்கும் பருத்தி நூலும், வேகமாக வரும் வண்டிக்காரரின் கழுத்தைக் கிழிக்கும். நூல் மாறினால் மட்டும் போதாது, நிற்கும் இடமும் மாற வேண்டும்.

இனி கட்டும் வேலை. 45 செ.மீ. சதுரக் காத்தாடி நான்கு பேர் பழக ஏற்ற அளவு. அதற்கு 47 செ.மீ. சதுரமாகத் தாளை வெட்டுங்கள். நான்கு ஓரத்திலும் 1 செ.மீ. மடிக்கப் போகிறோம். தாள் வாங்கக்கூட வேண்டியதில்லை, உங்கள் நாளிதழின் விரித்த தாள் ஒன்றே போதும். செய்தித்தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் என்று வைத்தால், இந்தக் காத்தாடிக்குத் தாளின் எடை 10 கிராமைத் தாண்டாது. நல்ல காற்றில் தாராளமாக ஏறும். காற்று மெலிந்த நாளுக்கு அதில் பாதி எடையுள்ள வண்ண டிஷ்யூ தாள். மடிக்கும் ஓரத்துக்குள் ஒரு நூலைச் சுற்றிலும் ஓடவிட்டு ஒட்டினால் ஓரத்தில் கிழிசல் விழாது. பெரும்பாலான காத்தாடிகள் மணலில் ஒரு முறை குத்தியதும் சாவது இந்த நூல் இல்லாததால்தான்.

பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை 150 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல ஆகும்வரை கிண்ட வேண்டும். கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் தாள் சுருங்கிக் கோணும். மெல்லியதாகத் தடவி நிழலில் அரை மணி நேரம் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும்.

காத்தாடிக்கு இரண்டு குச்சிகள்: மேல் மூலையிலிருந்து கீழே வால் மூலை வரை போகும் தண்டு, குறுக்கே வளைந்து நிற்கும் வில். தண்டு நேரானது, மூலைக்கு மூலை 64 செ.மீ. வில் 75 செ.மீ. வில்லை வளைத்து இரு நுனிகளையும் இடவலமாக உள்ள மூலைகளில் பதித்தால், அதன் முதுகு மேல் மூலையிலிருந்து ஏறக்குறைய 14 செ.மீ. கீழே தண்டைக் குறுக்கிடும். அந்த இடத்தில் நூலால் கட்டிவிடுங்கள். இரண்டுக்கும் மூங்கில் பிளாச்சுதான் சிறந்தது. வில்லின் நடுவில் 3 மி.மீ. பருமன் இருக்கட்டும், நுனி நோக்கிச் சீவிச் சீவி பாதியாக்குங்கள். பச்சைத்தோல் உள்ள பக்கத்தைத் தொடக்கூடாது, உள்பக்கத்தைத்தான் சீவ வேண்டும். மூங்கிலின் வலு முழுவதும் அந்தத் தோலில் இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கமாகத் தோல் வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் சிலாம்பு தெறித்து முறியும். சீவும்போது கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கம் போகட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

காத்தாடியின் நல்லது கெட்டது முழுவதும் இந்த வில்லில்தான். பறக்கும்போது காற்று அழுத்த, வில்லின் இரு பக்கமும் சமமாகப் பின்னோக்கி வளைந்து கொடுக்க வேண்டும். அந்த வளைவுதான் காத்தாடியை ஒரு பக்கம் சாயாமல் நிறுத்துகிறது. வில் தடித்திருந்தால் வளையாது, காத்தாடி கிறுகிறுவென்று சுற்றும். மெலிந்திருந்தால் பலமான காற்றில் மடிந்து விழும். ஒட்டுவதற்கு முன் வில்லின் நடுவை ஒரு விரல்மேல் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் சீவ வேண்டும். பிறகு இரு நுனியையும் பிடித்து வளைத்து, வளைவு எங்கே தட்டையாக நிற்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் இரண்டு இழுப்பு சீவுங்கள். மூங்கில் கிடைக்காதவர்கள் தென்னை ஈர்க்கைப் பயன்படுத்தலாம். ஆனால் ஈர்க்கு ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதால் வில் கோணலாகும். இரண்டு ஈர்க்குகளை அடியும் நுனியும் மாற்றி வைத்து, நான்கு இடத்தில் கட்டினால் சரியாகிவிடும். 30 செ.மீ. சதுரத்துக்கு மேல் ஈர்க்கு தாங்காது.

அடுத்து சூத்திரம், அதாவது காத்தாடியின் மேலும் கீழும் கட்டி, பறக்கவிடும் நூலோடு ஒரே முடிச்சில் சேர்க்கும் இரண்டு கால் நூல். பலர் கைவிடுவது இங்கேதான். தண்டும் வில்லும் சேரும் இடத்தில் குறுக்காக இரண்டு துளை. கீழே, வால் மூலையிலிருந்து 12 செ.மீ. மேலே, தண்டின் இரு பக்கமும் இரண்டு துளை. தாளின் பக்கமிருந்து நூலைக் கோத்து, குச்சியைச் சுற்றிக் கட்ட வேண்டும். மேல் கால் 38 செ.மீ., கீழ் கால் 40 செ.மீ. இருக்கும்படி முடிச்சிட்டால் மெரினாவின் சாயங்காலக் காற்றுக்கு ஏறக்குறைய பொருந்தும். மேல் கால் அதிகம் நீண்டால் காத்தாடி காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு நூலைப் பலமாக இழுக்கும், உயரம் மட்டும் ஏறாது. மேல் கால் மிகவும் குறைந்தால் தலை கவிழ்ந்து, தாள் படபடத்து, மிதந்தபடி கீழே வரும். காற்று பலத்தால் மேல் காலைக் குறைக்கலாம், மெலிந்தால் கொஞ்சம் கூட்டலாம். எப்போதும் அரை செ.மீ. மட்டும். ஒரேயடியாக 3 செ.மீ. மாற்றினால் எது குற்றம் என்றே தெரியாமல் போகும்.

வாலுக்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல், 2 செ.மீ. அகலம், மூன்றரை மீட்டர். இரு பக்கமும் மாறி மாறிச் சுற்றினால் வால் போதவில்லை. எப்போதும் ஒரே பக்கம் சுற்றினால் வாலைக் கூட்டிப் பயனில்லை. வில்லோ தாளோ ஒரு பக்கம் கனக்கிறது. எதிர்ப்பக்க நுனியில் விரல் அகலத் தாள் துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். வால் நீண்டுபோனால் ஏறாமல் தொங்கும், அப்போது ஒரு சாண் அறுத்துவிடலாம்.

நூலுக்கு 10-ஆம் நம்பர் பருத்தி நூல்கண்டு, 100 மீட்டர் போதும். நூல் சுற்றும் லொட்டாய் இல்லாவிட்டால் தடித்த அட்டைக் குழாயில் சுற்றிக்கொள்ளலாம். 10 மீட்டருக்கு ஒரு மைக்குறி இடுங்கள். அடையாளத்துக்காக முடிச்சுப் போடாதீர்கள், நூல் அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான்.

காற்றைப் பற்றித் தெரியாமல் கட்டி என்ன பயன்? கோடையில் தரை சூடேறி, மேலெழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சென்னையில் அது வழக்கமாக நண்பகலுக்குப் பிறகு நுழைந்து, கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து சீராக வீசும். மாலை 4 மணிக்கு மேல் வெயிலும் தாழும். அதுவே காத்தாடிக்கு ஏற்ற நேரம். கத்திரியில் மேற்குக் காற்று ஓங்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். அன்று வெக்கையும் தாங்காது, காற்றும் விட்டுவிட்டு அடிக்கும், காத்தாடி கடல் பக்கம் போகும். அன்று வீட்டில் இருந்து அடுத்த வாரத்துக்குக் கட்டுங்கள். அறுந்துபோன காத்தாடிக்காக அலையில் இறங்கிவிடக் கூடாது.

கடற்காற்று வீசும்போது காத்தாடி மேற்கே, அதாவது சாலைப் பக்கம் போகும். அதனால் மெரினாவில் தண்ணீருக்கு அருகே, ஈர மணலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அங்கே மணல் சராசரியாக 300 மீட்டர் அகலம். 100 மீட்டர் நூல் முழுவதையும் விட்டாலும் காத்தாடி மணலுக்கு மேலேயே நிற்கும். சாலை ஓரத்தில் நின்று விட்டால் அதே நூல் காமராஜர் சாலையில் போகிறவர்களுக்கு எமன். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். கண் வானத்தில் இருக்க, கால் பின்னால் போகும். புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ மூன்றின் மேல்கம்பியிலும் 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியில் சிக்கினால் நூலை அப்படியே விட்டுவிடுங்கள். ஈர நூலில் மின்சாரம் பாயும். கொம்பை நீட்டி எடுக்க முயலாமல், தெருக் கம்பியானால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் விடவே கூடாது. இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் காத்தாடியையும் வானூர்திகளோடு சேர்த்தே எண்ணியது.

ஏற்றும்போது ஓட வேண்டியதில்லை. ஒருவர் காற்றுக்கு முதுகு காட்டி நூலைப் பிடிக்க, இன்னொருவர் காற்று போகும் திசையில் 25 மீட்டர் தள்ளிப் போய்க் காத்தாடியை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். நூல் விறைத்து, காற்று ஒரு வீச்சாக வரும்போது கையை எடுத்துவிட்டால் போதும். தூக்கி எறிந்தால் மூக்கு கவிழும். நூலைப் பிடிப்பவர் இரண்டு மூன்று முழம் இழுத்து, ஏறியதும் ஒரு முழம் தளர்த்த வேண்டும். இழுத்தால் ஏறும், விட்டால் தள்ளிப் போகும். இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

டீல் விடாமல், அதாவது ஒருவர் நூலை மற்றவர் அறுக்காமல், என்ன சுவை என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பாருங்கள். அங்கே யாரும் யாருடைய நூலையும் அறுப்பதில்லை. யார் கட்டியது அழகு, எது கனமாக இருந்தும் ஏறியது என்பதுதான் போட்டி. வில்லில் நாடாவை இழுத்துக் கட்டிய விண்ணைப் பூட்டிப் பட்டத்தைப் பாட வைப்பதும் அவர்களுடைய கலை. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த சர்வதேசக் காத்தாடித் திருவிழாவிலும் கூட்டம் பார்க்க வந்தது பெரிய துணிக் காத்தாடிகளைத்தான். நண்பர்களுக்குள் உயரப் போட்டி வைக்கலாம்: எல்லாரும் 50 மீட்டர் குறி வரை மட்டும் நூலை விட வேண்டும். பாகைமானியில் ஒரு நூலும் கல்லும் தொங்கவிட்டுக் கோணம் பார்த்தால், 45 பாகைக்கு உயரம் 35 மீட்டர், 60 பாகைக்கு 43 மீட்டர். நூல் தொய்வதால் உண்மை உயரம் இதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் என்பதால் போட்டிக்குக் குறையில்லை. உள்ளங்கை அகல வட்டத் தாளில் துளையிட்டு நூலில் கோத்துவிட்டால் காற்றே அதைக் காத்தாடி வரை தள்ளிக்கொண்டு போகும். சிறு பிள்ளைகள் இதை மணிக்கணக்காக விளையாடுவார்கள்.

கை தேர்ந்தவர்கள் வாலில்லாத காத்தாடி கட்டிப் பார்க்கலாம். 1890-களில் அமெரிக்காவில் வில்லியம் எடி என்பவர் பரப்பிய வடிவம் அது. தண்டும் குறுக்குக் குச்சியும் ஒரே நீளம், 90 செ.மீ. என்று வையுங்கள், தண்டின் மேலிருந்து 17 செ.மீ.யில் குறுக்குக் குச்சி. அதன் இரு நுனியையும் பின்பக்கமாக நூலால் இழுத்து 9 செ.மீ. வளைத்தால் வால் தேவைப்படாது. குச்சி 6 மி.மீ. பருமன் வேண்டும், தாளைச் சற்றுத் தளர்வாக ஒட்ட வேண்டும், நூலும் இரட்டை இழையாக இருக்க வேண்டும். வானிலை ஆய்வுக் கருவிகளையே இந்த வடிவக் காத்தாடிகள் சுமந்து ஏறின.

உங்களிடமும் மாநகராட்சியிடமும் சில வேண்டுகோள்கள். மாஞ்சா எச்சரிக்கை வெளியாகும் அதே நாளில், காத்தாடி கட்டும் அளவுப்படம் ஒன்றை மாணவர் பக்கத்தில் கால்பக்க அளவில் வெளியிடுங்கள். மின்கம்பி குறுக்கிடாத மாநகராட்சி விளையாட்டுத் திடல்களை மே மாத ஞாயிறு மாலைகளில் 4 முதல் 6 மணி வரை, பருத்தி நூல் மட்டும் என்ற நிபந்தனையோடு காத்தாடிக்கு ஒதுக்கலாம். நுழைவாயிலில் நூலை விரலில் உருட்டிப் பார்க்க ஒரு ஆள் போதும். கண்ணாடி பூசிய நூல் சொரசொரக்கும், நைலான் வழுக்கும். இன்னொன்று, உங்கள் வானிலைக் கட்டத்தில் இப்போது வெப்பநிலை மட்டும் வருகிறது. சனி, ஞாயிறுகளிலாவது காற்றின் திசை, வேகம், கடற்காற்று நுழையும் உத்தேச நேரம் மூன்றையும் சேர்த்துப் போட்டால், கடற்கரைக்குக் கிளம்பலாமா, வீட்டில் அமர்ந்து வில் சீவலாமா என்று பிள்ளைகள் காலையிலேயே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
காத்தாடி கட்டும் நண்பர்கள்,
ராயபுரம், சென்னை.