பழைய கார் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, உறுப்பினர்களைப் பொறுத்துக்கொண்டு வாழும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் சிலர் தூங்கிவிட்டதாகத் தகவல். ஆகவே இந்த முறை வரவு செலவை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கணக்கு தணிக்கையாகி, பொருளாளர் கையெழுத்துடன் தனித்தாளாக உங்கள் நாற்காலியில் இருக்கிறது. கையிருப்பு உண்டு, கடன் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர் அந்தத் தாளின் பின்பக்கத்தில். சந்தேகம் இருந்தால் பொருளாளரைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால் பதில் ரொம்பச் சுருக்கமாக வரும்.

உறுப்பினர் சேர்க்கையில் இந்த ஆண்டு ஒரு சண்டை நடந்தது. அம்பத்தூர் தம்பி ஒருவர் மாருதி 800 வைத்துக்கொண்டு விண்ணப்பம் கொடுத்தார். "மாருதியெல்லாம் பழைய வண்டியா?" என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 1983-ல் வந்த வண்டி, 2014-ல் உற்பத்தி நின்றுபோனது. அம்பாசிடர் நின்றதும் அதே 2014-ல்தான் என்று தலைவர் எடுத்துச் சொன்ன பிறகு பேச்சு அடங்கியது. தம்பி சேர்ந்தார், அவரைப் பார்த்து இன்னும் சிலரும் 800-உடன் வந்தார்கள். பேட்டரி கார் வைத்திருக்கும் ஒருவரும் கேட்டிருக்கிறார். அந்த விண்ணப்பத்தைப் புதிய செயற்குழுவின் தலையில் கட்டிவிட்டுப் போகிறேன்.

மயிலாப்பூர் மாமா ஆகஸ்டில் காலமானார். ஞாயிறு ஓட்டங்களுக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து, வராதவர்களுக்கு போன் போட்டு எழுப்பியவர். அவருடைய ஃபியட்டை இப்போது பேத்தி ஓட்டுகிறார். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர்த் தண்டு பழக ஒரு மாதம் ஆனதாம். சங்கத்தின் சார்பில் அஞ்சலி.

இனி ஞாயிற்றுக்கிழமைகள். விடியுமுன் திருவான்மியூரில் கூடி, ஈசிஆரில் கோவளம் வரையோ மாமல்லபுரம் வரையோ போய், இட்லி பொங்கல் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது என்ற வழக்கம் தடையில்லாமல் நடந்தது. மே மாதத்தில் மட்டும் ஃபியட்காரர்கள் பாடு திண்டாட்டம். முட்டுக்காடு தாண்டியதும் ஒரு பத்மினி (பின்னாளில் பெயர் மாறிய ஃபியட்தான்) விக்கி விக்கி நின்றது. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடுவதால் கார்புரேட்டருக்குப் போய்ச் சேர்வதில்லை. பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். நங்கநல்லூர் டீச்சர் தன் அம்பாசிடர் டிக்கியில் இதற்கென்றே பழைய துண்டும் தண்ணீர்க் கேனும் வைத்திருக்கிறார். அம்பாசிடருக்கு அவை தேவைப்பட்டதில்லை. அதை அவர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டத் தவறுவதில்லை.

ஜூலையில் ஏலகிரி போனோம். சென்னையிலிருந்து 230 கிலோமீட்டர் அளவில் தூரம், நெடுஞ்சாலை நேர்கோடு, அது பெரிதில்லை. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான் விஷயம். அவற்றுக்குப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது எல்லா வண்டியும் சமர்த்தாக ஏறின. இறங்கும்போதுதான் அம்பத்தூர் தம்பியின் 800-லிருந்து கருகல் வாடை. வண்டியில் நாலு பெரியவர்கள், டிக்கி நிறையப் பலாப்பழம், தம்பியோ மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறார். பாரி வளைவில் ஓரங்கட்டினோம். முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பெயருள்ள இடத்தில் ஒரு மாருதி நிற்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவர் பாட்டிலோடு ஓடினார். பெரம்பூர் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். சும்மா நின்று ஆறவிடுவதுதான் வைத்தியம். "தம்பி, எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு. இன்ஜினே பிடிச்சு நிறுத்தும், காலுக்கு வேலையே இருக்காது" என்றார் அண்ணன். பழைய ஃபியட்டில் நாலு சக்கரத்துக்கும் சூடேறினால் பிடிப்பு குறையும் டிரம் பிரேக்தான் என்பதால் அவர் தலைமுறைக்கு இது தானாகவே தெரியும். மிச்ச வளைவுகளைத் தம்பி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே இறங்கினார். பலாப்பழத்தில் பாதி சங்கத்துக்கு வந்தது.

ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 தெருப் பந்தயம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. டிக்கெட் வாங்கிப் போனவர்களும் உண்டு, நகரச் சாலையில் எதற்குப் பந்தயம் என்று போகாமல் இருந்தவர்களும் உண்டு. சங்கம் இதில் கட்சி சேரவில்லை. என் சொந்தக் கருத்து: நேப்பியர் பாலத்தில் விளக்கு வெளிச்சத்தில் வண்டி பறப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பந்தயத்துக்கென்று 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தடம் இருக்க, அங்கே போய்ப் பார்க்க நமக்குச் சோம்பல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய சோழவரம் நாட்களைப் பற்றி மூத்தவர்கள் அன்று இரவு முழுக்கப் பேசினார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடியது, வெயிலில் நின்று பார்த்தது, திரும்பிவர பஸ் கிடைக்காதது. பஸ் கிடைக்காத கதைதான் நீளம்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பூசணிக்காய் உடைத்தவர்கள் அங்கேயே நின்று வாரி எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நம் விதியை இந்த ஆண்டு எல்லோரும் கடைப்பிடித்தார்கள். நம் வண்டிக்குத் திருஷ்டி கழித்துவிட்டு அடுத்தவர் பைக்கை வழுக்கிவிழ வைப்பது பக்தியில் சேராது.

அது முடிந்த சில நாட்களில் கனமழைக்கு ரெட் அலர்ட் வந்தது. அக்டோபர் நடுவில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதை ஊரே பார்த்துச் சிரித்தது. 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் உறுப்பினர்கள் வண்டிகளும் அங்கே நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது, காவல்துறை மறுத்தது. பயந்த அளவுக்கு மழை வரவில்லை. ஆனாலும் பாலத்தின் மேல் பக்கத்து பக்கத்து வண்டிக்காரர்கள் பிளாஸ்க் டீயைப் பகிர்ந்துகொண்டதில் நமக்கு இரண்டு புதிய உறுப்பினர்கள் கிடைத்தார்கள்.

இந்தச் சமயத்தில் அனுப்பிய குறிப்பை இங்கேயும் பதிவு செய்கிறேன். வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப்போல அமுங்காது. செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும், பிறகு இன்ஜினே இறக்க வேண்டிவரும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுங்கள். "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்ற ஆசையில்தான் பாதிச் செலவு.

நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பருக்கு வைத்திருந்த செஞ்சிக்கோட்டைப் பயணத்தை ரத்து செய்து, அந்தப் பணத்தில் அரிசியும் பாயும் வாங்கி, தண்ணீர் வடிந்தபின் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்பாசிடர் டிக்கியில் எத்தனை மூட்டை அடங்கும் என்பதை டீச்சர் நிரூபித்தார்.

பொங்கல் சந்திப்பில் ஸ்டெப்னி மாற்றும் போட்டி. பெரியவர்கள் ஜாக்கியை எங்கே வைப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். வண்டியைத் தூக்குமுன் நட்டைத் தளர்த்த வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த வாரம் அது, ஆகவே ஒவ்வொரு பொடியனும் ஒரு அஜித்.

அதே மாதம் வேடந்தாங்கல். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நிறைய இருந்தன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். வண்டிகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம், ஹாரன் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஹாரன் அடிக்காமல் இருப்பது சென்னைக்காரனுக்கு விரதம் மாதிரி.

பிப்ரவரியில் சிலர் இரவு ஆமை நடைக்குப் போனார்கள். 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடலோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். அந்த ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்ததால் நடையில் கலகலப்பில்லை. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். கடல் என்று நினைத்து நம் ஹெட்லைட்டை நோக்கி வரும். கடற்கரையைப் பார்த்து வண்டியை நிறுத்தி லைட்டைப் போட்டுவைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

பட்டறை விஷயங்கள். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கத் தொடங்கியதிலிருந்து பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பி, விரிந்து, கசிகின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்கும். ஹோஸ், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கிறது. வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கும் உறுப்பினருக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான நம் ஊர் வண்டி அது. பெயின்ட் அடிக்க ஒரு பட்டறையில் விட்டார். "அடுத்த வாரம் சார்" என்றே தீபாவளி வந்துவிட்டது. திரும்பி வந்தபோது பெயின்ட் பளபளப்பு, ஆனால் பழைய வீல் கப் நாலும் இல்லை, கேட்டால் "வரும்போதே இல்லையே சார்". உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்கத் தேடியும் ஜோடி சேரவில்லை. வண்டியைப் பட்டறையில் விடுமுன் ஒவ்வொரு உதிரியையும் படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, செயற்குழுவில் அதிக நேரம் தின்ற விஷயம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளைத் தனிப் பிரிவில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். 1974-ல் பத்மினி என்ற பெயரில் வந்த முதல் வண்டிகளுக்கு இப்போது அந்த வயது வருகிறது. பெருமையாக இருக்கிறது, பதிந்துவிடலாம் என்றார்கள் பலர். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது இவற்றுக்குத்தான் அனுமதி. சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் 5,000 ரூபாய் (2024-25 கட்டணம்), எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்ட வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை அலைச்சல். ஆனால் வண்டி மார்க்கெட்டுக்குப் போகும், பள்ளிக்கூடம் போகும், கல்யாணத்துக்குப் போகும்.

இதில் நான் நடுநிலை இல்லை. போர்வை போர்த்தி நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கும், டயர் தட்டையாகும், பெட்ரோல் கெடும், எலி ஒயரைக் கடிக்கும். நங்கநல்லூர் டீச்சர் அம்பாசிடரில் கீரைக்கட்டு வாங்கப் போகிறார். இந்தச் சங்கத்தில் ரிப்பேர் செலவு குறைந்த வண்டி அதுதான். விருப்பப்பட்டவர்கள் விண்டேஜ் பதிவு செய்துகொள்ளட்டும். ஆனால் நம் ஞாயிறு ஓட்டத்தில் முன்னால் போகும் வண்டி அன்றாடம் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும் என்று செயற்குழு ஒரு தீர்மானத்தை வைக்கிறது. பெரம்பூர் அண்ணனுக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அவருக்குப் பேச நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தீர்மானத்துக்குக் கை தூக்கி முடித்ததும் புதிய செயற்குழுத் தேர்தல், அப்புறம் சாப்பாடு. இந்த ஆண்டு ஒத்துழைத்த அனைவருக்கும், விடிகாலையில் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை