அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரிக்காதீங்க

ஈரோடு, கோபி, பவானி, அந்தியூர்ப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கமுங்க.

என் மகளுக்கு ஒண்ணேகால் வயதில் கோயமுத்தூரில் இதய ஆபரேஷன் நடந்தது. கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைத்தார்கள். அதுநாள்வரை அந்த ஓட்டை வழியாக நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்ந்து, அங்கே அழுத்தம் ஏறிப்போயிருந்தது. ஓட்டையை அடைத்ததும் அது இறங்கிவிடாதாம். அதனால் நீர் பிரிய ஃபுரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன், கூடவே சில்டெனாஃபிலும் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சில்டெனாஃபில் என்றதும் உங்களுக்கு ஆண்மைக்குறைவுக்கென்று 1998இல் வந்த வயாக்ராதான் நினைவுக்கு வரும். நுரையீரலின் ரத்தக்குழாய்களையும் அது தளர்த்தும். 2005இல் அமெரிக்காவில் பெரியவர்களின் நுரையீரல் அழுத்தத்துக்கும், 2011இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்த மருந்துங்க அது.

என் வீட்டுக்காரர் தறிப்பட்டறையிலிருந்து வரும் வழியில் ஒரு கடையில் சீட்டை நீட்டினார். "யாருக்குங்ணா?" என்று கேட்டுச் சிரித்தான் கடைப்பையன். குழந்தைக்கு என்றதும் பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னொரு கடை ஏற மனசு வரவில்லை. அன்று ராத்திரி வேளை தப்பியது. திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் மறுபடி எகிறும் மருந்து அது. விடியும்வரை அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் நானே போனேன். "20 இல்லீங்க, 50 இருக்குது. ஒரே மருந்துதான்" என்றார்கள் வேறொரு கடையில். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 3 மில்லி கொடுக்க வேண்டும். அப்போது குழந்தைக்குப் போவது 6 மில்லிகிராம். 50 மாத்திரையை அதே மாதிரி கரைத்தால் அதே 3 மில்லியில் 15 மில்லிகிராம் போய்விடும். ரத்த அழுத்தம் சரிந்திருக்கும். பத்தாவது வரை படித்ததால் அட்டையைப் பார்த்துக் கேட்டேன். பர்கூர் மலையிலிருந்து இறங்கி வரும் எழுத்தறியாத தாய் என்ன செய்வாள்?

சீட்டில் மில்லி மட்டும் இருந்தால் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்க. எழுதின அளவு இல்லையென்றால் வேறெதையும் நீங்களாகக் கொடுக்காமல், சீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரி நம்பருக்கு ஒரு போன் போடுங்க. சிரப்பிலும் கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும். மூடியில் அளக்கச் சொல்லாதீங்க; ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று கொடுங்க.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தால் இதய மருந்து ஏதாவது குடிக்கிறதா என்று முதலில் கேளுங்க. நீர் பிரிக்கும் மருந்தோடு காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு என்றால் மருந்து விற்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்க. ஏற்கெனவே நீர் வெளியேறிக்கொண்டிருக்கும் உடம்பு அது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் கடை வைத்திருக்கிறார். 20 மாத்திரையை ஈரோட்டிலிருந்து வரவழைத்து, ரப்பர் பேண்டு போட்டு, "பாப்பாவுக்கு" என்று எழுதித் தனியாக எடுத்து வைக்கிறார். அட்டை தீர நாலு நாள் இருக்கும்போதே போன் வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
அந்தியூர்ப் பக்கத்து ஒரு தாய்